சிவப்பு மாறவில்லை, பொடி மாறிவிட்டது

குங்குமத்தைப் பற்றி யாரிடம் பேசினாலும் இன்று ஒரே பதில்தான் வருகிறது. "அந்தக் காலத்துக் குங்குமம் சுத்தமான மஞ்சளில் செய்தது. இப்போது வருவதெல்லாம் கெமிக்கல். 'இயற்கை' என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும்." திருப்பதியை அடுத்த திருச்சானூரில் அர்ச்சனைத் தட்டு விற்பவர் இதைச் சொல்கிறார். சித்தூர் பஜாரில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவரும் சொல்கிறார். நெற்றியில் அரிப்போடு தோல் மருத்துவரிடம் வந்து காத்திருக்கும் பெண்களும் ஒருவருக்கொருவர் இதையே சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் தவறு. வெறும் தவறு என்றால்கூட விட்டுவிடலாம். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வியை இந்தப் பதில் மூடி மறைக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய குங்குமத்துக்கு வருவோம். வீட்டில் குங்குமம் செய்தவர்களைக் கேட்டால் பக்குவத்தைச் சொல்வார்கள். குண்டு மஞ்சளை உடைத்து, வெங்காரமும் படிகாரமும் சேர்த்து, எலுமிச்சைச் சாற்றில் ஊறப்போட வேண்டும். சாறு முழுவதும் உள்ளே இறங்கும் வரை புரட்டிவிட்டு நிழலில் காயவைக்க வேண்டும். பிறகு இடித்துச் சலித்து, கொஞ்சம் நல்லெண்ணெயோ நெய்யோ விட்டுப் பிசைந்து எடுக்க வேண்டும். இதில் எங்கே 'சுத்தமான மஞ்சள்' இருக்கிறது? மஞ்சள் தானாகச் சிவக்காது. வெங்காரத்தில் இருக்கும் போரான், எலுமிச்சையின் புளிப்பில், மஞ்சளின் நிறப்பொருளான குர்க்குமினோடு பிணைந்து சிவப்பு நிறமுள்ள வேறொரு பொருளை உண்டாக்குகிறது. ஒரு கரைசலில் போரான் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஆய்வுக்கூடங்களில் மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்தியது இதே வினையை நம்பித்தான். நம் பாட்டிமார்கள் முற்றத்தில் முறத்தைப் போட்டுக்கொண்டு செய்தது அசல் வேதியியல். அதைச் சொல்வதால் அவர்களுக்குக் குறை எதுவும் இல்லை, பெருமைதான்.

மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தாலும் சிவக்குமே என்று சிலர் கேட்பார்கள். சிவக்கும். ஆரத்தித் தட்டில் கரைக்கும் நீர் அதுதான். ஆனால் அந்தச் சிவப்பு நிற்பதில்லை. காரத்தன்மையில் குர்க்குமின் சிதைந்துவிடும். நம் ரத்தத்தின் அளவுக்கு லேசான காரத்திலேயே, உடல் வெப்பத்தில், அரை மணி நேரத்துக்குள் அதில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்து போனதை 1997-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வாசலில் கொட்டிய ஆரத்தி நீர் சற்று நேரத்தில் பழுப்பாகிக் காய்ந்து கிடப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். சிமிழில் மாதக்கணக்கில் சிவந்து இருக்க வேண்டிய பொடிக்கு வேறு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் வெங்காரமும் எலுமிச்சையும்.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. எலுமிச்சைச் சாறு விட்டால் மஞ்சளாகிவிடும் குங்குமம்தான் அசல், மஞ்சளாகாதது போலி என்று ஒரு வீட்டுச் சோதனை கைபேசிக்குக் கைபேசி பரவிக்கொண்டிருக்கிறது. சுண்ணாம்பில் சிவந்த பொடிக்கு அது பொருந்தும். எலுமிச்சைச் சாற்றில் ஊறியே சிவந்த பொடி எலுமிச்சையைக் கண்டு ஏன் மஞ்சளாக வேண்டும்? இந்தச் சோதனையை நம்பினால், பழைய முறைப்படி மெனக்கெட்டுச் செய்தவளின் குங்குமம்தான் முதலில் போலிப் பட்டம் வாங்கும்.

வெங்காரமும் குற்றமற்ற பொருளாக இன்று கருதப்படவில்லை. போரான் சேர்மங்கள் அதிக அளவில் உடலுக்குள் போனால் இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் வகைப்படுத்தியிருக்கிறது. அங்கே முகப்பவுடர் வகைகளில் போரிக் அமிலம் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக்கூடாது, மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசக்கூடாது என்று விதி இருந்தது. பிற்பாடு அந்த அனுமதியையும் எடுத்துவிட்டார்கள். இதைக் கொண்டு பாட்டியின் குங்குமம் விஷம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நெற்றியில் ஒரு சிட்டிகை வைப்பதற்கும் உள்ளே விழுங்குவதற்கும் மலையளவு வித்தியாசம் இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான்: ரசாயனம் இல்லாத ஒரு பொற்காலத்திலிருந்து நாம் வழுக்கி விழுந்தோம் என்ற கதை பொய். இன்னும் பின்னால் போனால், பழைய காவியங்களில் மார்பிலும் தோளிலும் பூசிய குங்குமம் காஷ்மீரத்துக் குங்குமப்பூவின் குழம்பு. அது எட்டாத விலை. மஞ்சளில் செய்த பொடி அந்த இடத்துக்கு வந்ததே ஒரு மாற்றுத் தயாரிப்பாகத்தான். குங்குமம் பலமுறை மாறியிருக்கிறது. மாறியதற்காக அதை யாரும் குங்குமம் இல்லை என்று சொல்லவில்லை.

அப்படியானால் இப்போது நடந்திருக்கும் மாற்றத்தில் என்ன தவறு? இதற்கு விடை தேட, குங்குமத்துக்குத் தூரத்து உறவான ஒரு பொருளைப் பார்க்கலாம். சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெரிய மால்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் பிளஷ். கன்னத்தில் பூசும் சிவப்புப் பொடி. சின்னஞ்சிறு டப்பா சில ஆயிரம் ரூபாய். அதே பெயர், அதே டப்பா, அதே நிற எண், ஆனால் உள்ளே சரக்கை மாற்றிவிட்டார்கள் என்றால், வாடிக்கையாக வாங்கும் பெண்ணுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். முன்பு தூரிகை பட்டதும் மெல்ல ஒட்டிய பொடி இப்போது உதிர்கிறது. அல்லது மேற்பரப்பு இறுகி, தேய்த்தாலும் நிறம் எழுவதில்லை. குளிர்ந்த இளஞ்சிவப்பு லேசாகச் செங்கல் நிறத்துக்குச் சாய்ந்துவிட்டது. முன்பு தோலோடு கலந்த மினுக்கு இப்போது தனியே பளபளக்கிறது. இது மேட்டுக்குடிப் பெண்களின் வீண் புலம்பல் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. அந்தப் பெண்கள் கவனித்தது உண்மை. அவர்கள் கோபமும் சரியானது.

ஏனென்றால் பொடியின் ஒவ்வொரு குணமும் ஒரு சரக்கிலிருந்து வருகிறது. வழுவழுப்பைத் தருவது டால்க். அதில் கல்நார் கலந்திருக்கலாம் என்ற வழக்குகளுக்குப் பிறகு, ஜான்சன் அண்டு ஜான்சன் 2020-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும், 2023-இல் உலகம் முழுவதும் டால்க் கலந்த குழந்தைப் பவுடரை நிறுத்தியது. 2024-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு டால்க்கை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. டால்க்கை எடுத்துவிட்டுச் சோள மாவோ சிலிக்காவோ போட்டால் பொடி அதே மாதிரி ஒட்டாது. மினுக்கைத் தருவது அபிரகம். அது நமக்கு அந்நியமான பொருள் அல்ல. 2022 ஏப்ரலில் பழைய சித்தூர், நெல்லூர் மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உண்டாக்கியபோது அதில் சேர்ந்த கூடூர்ப் பகுதி, அபிரகச் சுரங்கத்துக்குப் பேர்போனது. ஜார்க்கண்ட் அபிரகச் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வது வெளிச்சத்துக்கு வந்த பிறகு, சில நிறுவனங்கள் உலைகளில் செய்த செயற்கை அபிரகத்துக்கு மாறின. அது இன்னும் வெளுப்பு, இன்னும் பளபளப்பு. குளிர்ந்த சிவப்பைத் தருவது கார்மைன். கள்ளிச் செடியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுப்பது. பூச்சி வேண்டாம் என்று முடிவெடுத்தால் செயற்கைச் சாயம் வரும், நிறம் சாயும்.

இத்தனை மாற்றங்களில் சில நல்லவை என்பதையும் சொல்ல வேண்டும். குழந்தை தோண்டாத அபிரகம் குழந்தை தோண்டிய அபிரகத்தைவிட மேல், பளபளப்பு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ரோடமின் பி என்ற பளீரென்ற இளஞ்சிவப்புச் சாயம் ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒப்பனைப் பொருள்களுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது. 1988-இல் அதை அனுமதிப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதை நம்பியிருந்த எல்லாத் தயாரிப்புகளும் மாறியாக வேண்டியிருந்தது. மாறியது நல்லதற்கே. அதே சாயம் பஞ்சுமிட்டாயில் இருப்பதைக் கண்டுதான் 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் அந்த மிட்டாயைத் தடை செய்தன. ஆகவே, சரக்கு மாறுவதே குற்றம் என்ற வாதம் நிற்காது.

பிளஷ் வாங்கும் பெண்ணிடம் ஒன்று இருக்கிறது. டப்பாவின் பின்னால் சரக்குப் பட்டியல். 75470 என்ற எண் இருந்தால் கார்மைன். அது போய் 15850 வந்திருந்தால் செயற்கைச் சாயம். 77019 அபிரகம், 77491 இரும்பு ஆக்சைடு. பழைய டப்பாவையும் புதிய டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது போயிற்று, எது வந்தது என்று அவளால் சொல்ல முடியும். தோல் தடித்தால் அந்தப் பட்டியலை மருத்துவரிடம் காட்ட முடியும். அவளுடைய புகாருக்குக் கையில் பிடிக்க ஆதாரம் இருக்கிறது.

குங்குமப் பொட்டலத்தின் பின்னால் என்ன இருக்கிறது?

குங்குமப் பொடி இந்தியச் சட்டப்படி ஒப்பனைப் பொருள். அதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரநிலை உண்டு. நிறத்துக்காக ஈயத்தையோ ஆர்செனிக்கையோ எந்த ஒப்பனைப் பொருளிலும் சேர்க்கக்கூடாது என்ற விதியும் உண்டு. சரக்குகளை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் அதே விதியில் ஒரு விலக்கு இருக்கிறது: 30 கிராமுக்குக் குறைந்த திடப்பொருள் பொட்டலத்தில் சரக்குப் பட்டியல் தேவையில்லை. பெரும்பாலான பெண்கள் வாங்கும் குங்குமம் அந்த அளவுக்குக் கீழேதான் வருகிறது. இதற்கும் மேலே, பல பொட்டலங்களில் 'பூஜைக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். உடம்பில் பூசுவதற்கு இல்லை என்று சொல்லிவிட்டால், ஒப்பனைப் பொருளுக்கான பொறுப்பு எதுவும் தங்களைச் சேராது என்பது கணக்கு.

இந்த அச்சு வாசகத்தைப் போலப் பொய்யான வாசகம் வேறு இல்லை. திருச்சானூருக்கு வந்து பார்க்கட்டும். பத்மாவதித் தாயாருக்குக் குங்குமார்ச்சனை அன்றாடம் நடக்கிறது. கார்த்திகை பிரம்மோற்சவத்துக்கு முன்பாக லட்ச குங்குமார்ச்சனை நடக்கிறது. அர்ச்சித்த குங்குமம் பிரசாதமாகக் கைக்கு வருகிறது. கைக்கு வந்தது அந்தக் கணமே நெற்றிக்கும் வகிட்டுக்கும் தாலிக்கும் போகிறது. மீதியைத் தாளில் மடித்து ஊருக்குக் கொண்டுபோய் அக்கம்பக்கத்தாருக்கும் கைக்குழந்தைக்கும் இடுகிறார்கள். பூஜைக்கான குங்குமம் என்றும் நெற்றிக்கான குங்குமம் என்றும் இரண்டு இந்த மண்ணில் கிடையாது. அதைத் தெரிந்துகொண்டே அந்த வாசகத்தை அச்சிடுகிறார்கள்.

பிளஷ்ஷை ஒரு பெண் கல்யாணத்துக்கோ வேலைக்கோ போகும்போது பூசி, இரவு கழுவிவிடுகிறாள். குங்குமம் வைப்பவள் சிறுமியாக இருந்த நாள் முதல் தினமும், ஒரே இடத்தில், அறுபது எழுபது ஆண்டுகள் வைக்கிறாள். அதிகமாகப் பூசப்படும் பொடிக்குத்தான் குறைவான தகவல் கிடைக்கிறது. சில ஆயிரம் கொடுப்பவளுக்குப் பட்டியல் உண்டு, பத்து ரூபாய் கொடுப்பவளுக்குப் பட்டியல் இல்லை. குங்குமத்தைப் பற்றி நாம் கோபப்பட வேண்டிய இடம் இது. 'கெமிக்கல்' என்று முனகிவிட்டு நகர்ந்தால், இந்த அநீதி கண்ணிலேயே படாது.

"எங்கள் பாட்டிக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்பது அடுத்த வாதம். பாட்டிக்கு ஆனதா இல்லையா என்று யார் பார்த்தார்கள்? நெற்றியின் நடுவில் கருத்துப்போன வட்டத்தைப் 'பொட்டு வைத்த தடம்' என்று சொல்லி எல்லாரும் கடந்து போனார்கள். 1986-இல் சிங்கப்பூரிலிருந்து வெளிவந்த ஒரு மருத்துவக் கட்டுரை, அப்படிக் கருத்துப்போன நெற்றிகளைக் குங்குமத்தால் வந்த ஒவ்வாமை என்று விவரித்தது. அரிப்போ கொப்புளமோ இல்லாமல் வெறும் கருமையாக மட்டும் வெளிப்படும் ஒவ்வாமை அது. குங்குமத்தில் சேரும் சூடான் 1, பிரில்லியன்ட் லேக் ரெட் ஆர் போன்ற சாயங்கள் அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டன. சாயம் என்ற ஒன்று குங்குமத்தில் இருக்கிறது என்று அந்தப் பெண்களுக்குத் தெரிய வழியே இருந்திருக்காது. என் பெரியம்மாவுக்கும் அப்படி ஒரு தடம் உண்டு. அவர் தன் காலம் முழுக்க அதை வயதின் அடையாளம் என்றே நினைத்திருந்தார். எந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

பொடி அரிக்கிறது என்று ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறிய தலைமுறையின் கதையும் இதேதான். அதன் பசையில் இருந்த ஒரு பீனால் சேர்மம், பொட்டு ஒட்டும் இடத்தில் தோலின் நிறத்தையே அழித்து வெள்ளைத் திட்டு உண்டாக்குவதை இந்தியத் தோல் மருத்துவர்கள் 1990 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அப்போதும் சொன்ன தீர்வு, பழையபடி குங்குமத்துக்குப் போங்கள் என்பது. எந்தக் குங்குமத்துக்கு, எதில் செய்த குங்குமத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது 'இயற்கை' என்ற எழுத்துக்கு வருகிறேன். வடநாட்டில் வகிட்டில் இடும் சிந்தூரில் செந்தூரம் என்ற ஈய ஆக்சைடு சேர்வது உண்டு. 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியிலும் மும்பை, தில்லியிலும் வாங்கிய 118 சிந்தூர் மாதிரிகளைச் சோதித்தார்கள். ஏறத்தாழ ஐந்தில் நான்கு மாதிரிகளில் ஈயம் இருந்தது. சிவந்த சாதிலிங்கம் மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் பொருள், இயற்கை. அதன் உள்ளே இருப்பது பாதரசம். மஞ்சளும் அப்படித் தப்பவில்லை. வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்டுவதற்காக ஈயக் குரோமேட்டைத் தடவி விற்றதை 2019-இல் ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். அந்த மஞ்சளில் எவ்வளவு பத்தியத்தோடு குங்குமம் செய்தாலும் ஈயம் கூடவே வரும். பொட்டலத்தில் 'நூறு சதவீதம் மஞ்சள்' என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவும் இருக்கும், ஆபத்தாகவும் இருக்கும்.

வங்கதேசக் கதையின் பின்பாதியை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. அங்கே அரசு டாக்காவின் மொத்தச் சந்தையில், பொருளின் மேல் வைத்தால் ஈயம் இருப்பதைக் காட்டும் கைக்கருவியோடு சோதனைக்குப் போனது. கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. பத்திரிகையிலும் சந்தைச் சுவரிலும் எச்சரிக்கை கொடுத்தது. 2019-இல் சந்தை மாதிரிகளில் நூற்றுக்கு 47-இல் ஈயம் தென்பட்டது. 2021-இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே ஆண்டு. பழமைக்குத் திரும்புங்கள் என்று யாரும் அங்கே உபதேசம் செய்யவில்லை. அளந்தார்கள், அளந்ததை வெளியே சொன்னார்கள்.

இயற்கைச் சிவப்புக்கு இன்னொரு முகமும் இங்கே இருக்கிறது. திருமலைக்குப் பின்னால் விரியும் சேஷாசலக் காடு செம்மரத்தின் தாய்வீடு. ரத்த சந்தனம் என்று முகத்துக்குக் குழைத்துப் பூசும் தூள் அந்த மரத்துடையது. அந்த மரத்தை வெட்டப் போனவர்கள் என்று சொல்லி, 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் 20 தமிழ்க் கூலித் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. கடத்தப்பட்ட மரம் பெரும்பாலும் போனது வெளிநாட்டு மேசை நாற்காலிகளுக்குத்தான், முகப்பொடிக்கு அல்ல. இருந்தாலும், ஒரு பொருள் மரத்திலிருந்து வந்தது என்பதாலேயே அது களங்கமற்றது என்று திருப்பதியில் நின்றுகொண்டு என்னால் சொல்ல முடியாது. எங்கிருந்து வந்தது, யார் வெட்டியது, யார் சோதித்தது என்ற கேள்விகளுக்கு 'இயற்கை' பதில் சொல்வதில்லை.

சாயம் எப்படி உள்ளே வந்தது என்பதையும் நேர்மையாகப் பேச வேண்டும். வியாபாரியின் பேராசை என்று முடித்துக்கொள்வது எளிது. மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பங்கு வரைதான். வகைக்கு வகை, நிலத்துக்கு நிலம் அது மாறும். ஆகவே பழைய முறைக் குங்குமம் ஒவ்வொரு ஈட்டுக்கும் ஒவ்வொரு சிவப்பாக வரும். ஒருமுறை அரக்கு, ஒருமுறை செங்கல், ஒருமுறை பழுப்புக்குப் பக்கம். வெயிலில் வைத்தால் வெளுக்கும். கடைவீதியில் கோபுரமாகக் குவித்து வைத்து விற்பவருக்கு அது கட்டுப்படியாகாது. ஏனென்றால் நாம் பளீரென்று இருப்பதைத்தான் கை காட்டுகிறோம். போன மாதம் வாங்கிய அதே நிறம் வேண்டும் என்கிறோம். மரவள்ளி மாவிலும் டால்க்கிலும் சாயத்தை ஏற்றினால் அந்த நிறம் ஆண்டு முழுதும் மாறாமல் கிடைக்கும். மாறாத நிறத்தைக் கேட்டோம், அதற்காகப் பொடியையே மாற்றினார்கள். பிளஷ் வாங்குபவள் நிறம் சாய்ந்ததைக் கண்டு மாற்றத்தைப் பிடித்துவிட்டாள். இங்கே நிறம் அப்படியே இருந்ததால் நாம் எதையும் பிடிக்கவில்லை. மங்கலான, ஈட்டுக்கு ஈடு வேறுபடும் பொடியைப் பழசு என்று ஒதுக்கிய கை நம்முடையதுதான்.

இந்த இடத்தில் பக்தியைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்துவார்கள். தாயாரின் குங்குமத்தைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவதா என்பார்கள். இதற்குத் திருப்பதியே பதில் வைத்திருக்கிறது. லட்டுக்கு 'திட்டம்' உண்டு. கடலை மாவு இவ்வளவு, நெய் இவ்வளவு, சர்க்கரை, முந்திரி, திராட்சை, கற்கண்டு, ஏலக்காய் இவ்வளவு என்று தேவஸ்தானம் வகுத்த அளவுப் பட்டியல். 5,100 லட்டுக்குக் கணக்கு. அந்தத் திட்டமும் ஒரே நிலையில் நிற்கவில்லை, பலமுறை மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. மாற்றிய பிறகும் அது திருப்பதி லட்டுதான், 2009 முதல் புவிசார் குறியீடு பெற்ற லட்டு. 2024 செப்டம்பரில் நெய்யைப் பற்றிச் சந்தேகம் கிளம்பியபோது என்ன நடந்தது? மாதிரி ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தது. ஆந்திர முதலமைச்சர் பேசினார், எதிர்க்கட்சி மறுத்தது, உச்ச நீதிமன்றம் அக்டோபரில் தனிப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. பெருமாளின் பிரசாதத்தைச் சோதித்ததால் எந்த பக்தருக்கும் நம்பிக்கை குறையவில்லை. சோதித்துச் சொல்லுங்கள் என்று அவர்கள்தான் கேட்டார்கள். நாக்குக்குப் போகும் பிரசாதத்துக்கு இருக்கும் இந்தத் திட்டமும் கவலையும் நெற்றிக்குப் போகும் பிரசாதத்துக்கு ஏன் இல்லை?

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. திருமலையிலேயே உணவுப் பொருள்களைச் சோதிக்கும் கூடம் இருக்கிறது. 1954-இல் தொடங்கிய வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் இருக்கிறது. தாயாரின் பெயரையே தாங்கிய பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983 முதல் இருக்கிறது, அங்கே மருந்தியல் படிக்கும் மாணவிகள் இருக்கிறார்கள். ஏர்ப்பேட்டில் ஐஐடியும் ஐசரும் இருக்கின்றன. இவ்வளவு வேதியியல் அறிவு கூடியிருக்கும் ஊரில், கோயில் வாசலில் குவிந்திருக்கும் பொடியில் ஈயம் எவ்வளவு, சாயம் எது என்று ஆண்டுக்கொருமுறை சோதித்துத் தெலுங்கிலும் தமிழிலும் ஒட்டுவது பெரிய காரியமா? 2019 தேர்தலுக்கு முன் மகளிர் குழுப் பெண்களுக்கு ஆளுக்கு 10,000 ரூபாய் தந்தபோது, ஆந்திர அரசு அந்த உதவிக்கு 'பசுப்பு-குங்குமம்', அதாவது மஞ்சள்-குங்குமம், என்று பெயர் வைத்தது. அந்தப் பெயரின் பாசத்தை அறிந்த அரசுக்கு, பொடியைச் சோதிக்கும் கடமையும் இருக்கிறது.

என் கோரிக்கை நீளமானது அல்ல. குங்குமத்துக்கு அந்த 30 கிராம் விலக்கு கூடாது. பொட்டலம் எவ்வளவு சின்னதானாலும் உள்ளே மஞ்சளா, மாவா, டால்க்கா, எந்த எண்ணுள்ள சாயம் என்று அச்சிட வேண்டும். 'பூஜைக்கு மட்டும்' என்ற வாசகம் குங்குமத்தின்மேல் செல்லாது என்று சட்டம் சொல்ல வேண்டும். தேவஸ்தானம் அர்ச்சனைக்கு வாங்கும் குங்குமத்துக்கு லட்டுக்கு இருப்பதைப் போல ஒரு திட்டத்தை எழுதி வெளியே வைக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட, சோதித்த சாயம் இருந்தால்கூட எனக்கு மறுப்பில்லை, அதைச் சொல்லிவிட்டுச் சேர்க்கட்டும். மஞ்சள் குங்குமம் வேண்டும் என்பவர் அதை வாங்கட்டும், பளீர்ச் சிவப்பு வேண்டும் என்பவர் தெரிந்தே அதை வாங்கட்டும்.

இப்படிச் செய்தால் சிறு தயாரிப்பாளர்கள் நசிந்துபோவார்கள் என்று கடைசியாக ஓர் ஆட்சேபம் வரும். யார் நசிகிறார்கள் என்று பார்க்க வேண்டும். டுவாக்ரா என்ற மகளிர் குழுவின் பெண்கள் சிலர் சேர்ந்து, நல்ல மஞ்சளாகத் தேடி வாங்கி, எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துக் குங்குமம் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தால், இன்று அவர்கள் கதி என்ன? அவர்கள் பொடி சற்று மங்கலாக இருக்கும். பக்கத்துக் கடையில் சாயமேற்றிய மாவு அதைவிடச் சிவப்பாக, அதைவிட மலிவாக இருக்கும். அதிலும் 'இயற்கை' என்று போட்டிருக்கும், இவர்களுடையதிலும் 'இயற்கை' என்று போட்டிருக்கும். வாங்க வருபவர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிவப்பாக இருப்பதை எடுத்துக்கொண்டு போய்விடுவார். மஞ்சளுக்குக் கொடுத்த காசும் முறத்தின் முன் உட்கார்ந்த உழைப்பும் பொட்டலத்தின் மேல் எங்கும் தெரியாது. சரக்குப் பட்டியல் கட்டாயமானால் அவர்கள் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை. மஞ்சள், எலுமிச்சைச் சாறு, வெங்காரம், படிகாரம், நல்லெண்ணெய் என்று ஐந்து பெயர்களை அச்சிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. பக்கத்துக் கடைப் பொட்டலம் தன் மாவையும் சாயத்தின் எண்ணையும் அதே அளவு எழுத்தில் அச்சிட்டாக வேண்டும்.